ஹவுரா ஸ்டேஷனில் ஊசி குத்தியது யார்?

ரொம்ப நாளாக எழுத நினைத்து, ஒவ்வொரு முறையும் பாதியில் மூடி வைத்த விஷயம் இது. போன ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் ஒரு டீக்கடையில் நடந்த பேச்சுதான் இன்றைக்குப் பிடித்து உட்கார வைத்தது.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்தால் ஒரு மணி நேரத்தில் மாமல்லபுரம். மாதத்துக்கு ஒருமுறையாவது போய்விடுவேன். கடல் பார்க்க என்று வீட்டில் சொல்வது. உண்மையில் போவது அங்கே கல் செதுக்குகிற அண்ணன் ஒருவருடன் டீ குடிக்க. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். உளியைக் கீழே வைத்துவிட்டு அவர் பேச ஆரம்பித்தால் நேரம் போவது தெரியாது.

அன்றைக்குப் பேச்சு எப்படியோ கொரோனாவுக்குப் போய்விட்டது.

"2019 அக்டோபர்ல சீன அதிபர் இங்க வந்தாரு. நம்ம பிரதமர் வேட்டி கட்டிக்கிட்டு அர்ச்சுனன் தபசு காட்டினாரு. ரெண்டே மாசத்துல வுகான்ல நோய். அதுக்கு முந்தின வருஷம் அவங்க ரெண்டு பேரும் சந்திச்சது எங்க? அதே வுகான்! இதெல்லாம் தற்செயல்னு சொல்றியா தம்பி?"

தேதிகளெல்லாம் சரிதான். 2018 ஏப்ரலில் வுகான் சந்திப்பு. 2019 அக்டோபர் 11, 12 மாமல்லபுரம் சந்திப்பு. இரண்டு உண்மைக்கு நடுவில் ஒரு கோடு போட்டால் மூன்றாவது உண்மை பிறந்துவிடும் என்று நம்மில் பாதிப் பேர் நினைக்கிறோம். அண்ணனும் அப்படித்தான்.

"யாரோ செஞ்சிருக்கான் தம்பி. அது மட்டும் நிச்சயம்."

அந்த 'யாரோ' என்ற வார்த்தைதான் எனக்குப் பிரச்சினை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் ஒரு பழைய கதை. கதை என்றால் கட்டுக்கதை இல்லை, கோர்ட் வரை போய் தீர்ப்பாகி அச்சில் வந்த வழக்கு. கிருமியை ஆயுதமாக்கி ஒரு மனிதனைக் கொன்ற வழக்கு. நடந்தது நம் நாட்டில், 1933இல்.

பாக்குர் ஜமீன்

பாக்குர் என்றதும் புதுச்சேரி பக்கத்துப் பாகூரை நினைக்க வேண்டாம் :-) இது இன்றைய ஜார்க்கண்டில், வங்காள எல்லையை ஒட்டி இருக்கிற ஊர். அந்தக் காலத்தில் சந்தால் பர்கானாவைச் சேர்ந்தது. அங்கே ஒரு ஜமீன். பெரிய ஜமீன்தார் 1929இல் காலமாகிறார். இரண்டு பிள்ளைகள், தாய் வேறு வேறு. மூத்தவர் பினயேந்திர சந்திர பாண்டே. இளையவர் அமரேந்திர சந்திர பாண்டே.

சொத்தில் ஆளுக்குப் பாதி. தம்பி மைனராக இருந்த வரைக்கும் நிர்வாகம் அண்ணன் கையில். அண்ணனுக்குக் கல்கத்தாவில் ஆட்டம் பாட்டம், ஒரு நாடக நடிகையோடு தொடர்பு, தண்ணீராய்ச் செலவு. தம்பிக்கு வயது வந்து பங்கு கேட்டதும் சிக்கல் ஆரம்பம். இவர்களுடைய பெரிய உறவில் ஒரு விதவை ராணியம்மாள், சூர்யவதி தேவி. அவருக்கும் தனிச் சொத்து. அவருடைய பாசமெல்லாம் இளையவன் மேல்.

இதுவரைக்கும் எந்த ஊரிலும் நடக்கிற பங்காளிச் சண்டைதான். நம்ம பக்கமாக இருந்தால் வரப்பு வெட்டியிருப்பார்கள், மிஞ்சிப் போனால் அரிவாள். பினயேந்திரர் தேர்ந்தெடுத்த கூட்டாளி வேறு மாதிரி ஆள். தாராநாத் பட்டாச்சார்யா, டாக்டர். கல்கத்தாவில் கிருமிகளை வைத்து ஆராய்ச்சி செய்து கொண்டிருந்தவர்.

1932இல் தேவ்கரில் முதல் சம்பவம். மூக்கிலே கிள்ளி உட்காருகிற மாதிரி அந்தக் காலத்தில் ஒரு வகைக் கண்ணாடி உண்டு. அண்ணன் ஆசையாகத் தம்பிக்கு மாட்டிவிடுகிறார். அழுத்தியதில் மூக்கில் தோல் கிழிந்தது. சில நாளில் தம்பிக்கு டெட்டனஸ், நம்மூர் வழக்கில் ரணஜன்னி. சீரம் ஊசி போட்டு எப்படியோ பிழைக்க வைத்தார்கள். அப்போது யாருக்கும் பெரிதாகச் சந்தேகம் வரவில்லை. கண்ணாடி குத்தி ஜன்னி வந்தது என்றால் யார்தான் போலீசுக்குப் போவார்கள்?

கிருமி கேட்டுப் போன கடிதம்

இனிமேல்தான் கதையின் முக்கியமான பகுதி.

பிளேக் கிருமியை வைத்துக் கொல்வதென்றால் முதலில் கிருமி வேண்டும். கல்கத்தாவில் அப்போது சில ஆண்டுகளாகவே பிளேக் இல்லை. நாட்டில் பிளேக் கிருமியைக் கண்ணாடிக் குழாயில் வளர்த்து வைத்திருந்த பெரிய இடம் பம்பாயிலிருந்த ஹாப்கின் இன்ஸ்டிடியூட். 1897இல் பிளேக் தடுப்பூசியை முதலில் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்த அதே ஹாப்கின் பெயரில் இருக்கிற நிறுவனம்.

தாராநாத் 1932இல் அங்கே தந்தி அடிக்கிறார், ஆராய்ச்சிக்குப் பிளேக் கல்ச்சர் வேண்டும் என்று. வங்காள அரசின் தலைமை மருத்துவ அதிகாரியின் அனுமதி இல்லாமல் தரமாட்டோம் என்று பதில் வருகிறது. அடுத்து கல்கத்தாவிலேயே ஒரு ஆய்வகத்தில் வேலை செய்ய அனுமதி வாங்கிப் பார்க்கிறார். சரிப்படவில்லை. பிறகு ஜமீன்தாரே பம்பாய்க்குப் போகிறார். அங்கே இங்கே பேசி, பணத்தைக் காட்டி, கடைசியில் ஆர்தர் ரோடு தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் கதவு திறக்கிறது. சொன்ன காரணம் என்ன தெரியுமா? தாராநாத் பிளேக்குக்கு மருந்து கண்டுபிடித்திருக்கிறார், அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்!

1933 ஜூலை. ஆஸ்பத்திரிக்கு வந்த கல்ச்சரை வைத்துச் சில நாள் வேலை. வெள்ளை எலிகள் வாங்கிக் கிருமிக்கு வீரியம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். எலிகள் செத்தன. கல்கத்தாவில் அவசர வேலை என்று சொல்லிவிட்டு, ஆராய்ச்சியைப் பாதியில் போட்டு ஆள் கிளம்பிவிட்டார். மருந்து சோதிக்க வந்தவர் மருந்தைச் சோதிக்கவே இல்லை.

இன்னொரு விஷயம். அதே பம்பாயில் அண்ணன் தம்பி பெயரில் 51,000 ரூபாய்க்கு இன்ஷூரன்ஸ் எடுக்க முயன்றிருக்கிறார். 1933இல் 51,000 ரூபாய்!

நவம்பர் 26

நவம்பரில் தம்பிக்கு ராணியம்மாள் பெயரில் ஒரு தந்தி, கல்கத்தாவுக்கு வா என்று. போனால், நான் அனுப்பவே இல்லையே என்கிறார் ராணியம்மாள். வந்தது வந்தாயிற்று, கொஞ்ச நாள் தங்கிவிட்டு எல்லோருமாக ஊருக்குத் திரும்பலாம் என்று முடிவு.

1933 நவம்பர் 26, ஹவுரா ரயில் நிலையம். வழியனுப்ப எதிர்பாராமல் அண்ணனும் வந்து நிற்கிறார். கூட்டத்துக்குள் நடந்து போகும்போது குள்ளமாக, கறுப்பாக, கதர் போர்த்திய ஒருவன் தம்பியை உரசிக்கொண்டு போகிறான். வலது கையில் சுருக்கென்று ஒரு வலி. யாரோ குத்திவிட்டான் என்று தம்பி கத்துகிறான். சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்தால் ஊசி குத்திய தடம், கொஞ்சம் ஈரம். ஊருக்குப் போக வேண்டாம், இங்கேயே ரத்தம் சோதித்துப் பார்க்கலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். அண்ணன் சிரிக்கிறார், இதெல்லாம் ஒரு விஷயமா என்று.

ரயில் கிளம்பிவிட்டது.

மூன்று நாளில் மறுபடி கல்கத்தாவுக்குத் தூக்கி வந்தார்கள். காய்ச்சல், அக்குளில் நெறி. டாக்டர் ரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பினார். டிசம்பர் 4ஆம் தேதி அமரேந்திரன் செத்துப்போனான். வயது இருபதுக்குப் பக்கம். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததே அதற்குப் பிறகுதான். பிளேக்.

பிளேக் சாதாரணமாக எப்படி வரும்? எலிக்கு வரும், எலியின் தெள்ளுப்பூச்சி மனிதனைக் கடிக்கும், அப்படி வரும். தெள்ளுப்பூச்சியின் பங்கை 1898இல் கராச்சியில் சிமோந்த் என்கிற பிரெஞ்சு டாக்டர் காட்டினார். எலி சாகாமல், பக்கத்தில் ஒருவருக்கும் வராமல், பல வருஷமாகப் பிளேக் இல்லாத ஊரில், கையில் ஊசித் தடத்தோடு ஒரே ஒரு ஜமீன்தார் வீட்டுப் பையனுக்கு மட்டும் பிளேக் வந்தால் அது தெள்ளுப்பூச்சி வேலை இல்லை. அன்றைக்கு அதற்கு மருந்தும் கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கவே இன்னும் பத்து வருஷம் இருந்தது.

உறவினர் ஒருவர் 1934 ஜனவரியில் போலீசில் புகார் கொடுத்தார். அடுத்த மாதமே ஜமீன்தார் கைது. பிறகு தாராநாத், இன்னும் இரண்டு டாக்டர்கள். 1935 பிப்ரவரியில் அலிப்பூர் செஷன்ஸ் கோர்ட்டில் ஜமீன்தாருக்கும் தாராநாத்துக்கும் தூக்கு. மற்ற இரண்டு டாக்டர்களும் விடுதலை. 1936 ஜனவரியில் கல்கத்தா ஹைகோர்ட் தூக்கைத் தீவாந்திர சிட்சையாகக் குறைத்தது.

அந்தக் கதர்க்காரன்?

எல்லாம் சரி. ஊசி குத்தியவன் யார்?

தெரியாது. அன்றைக்கும் தெரியவில்லை, தொண்ணூறு வருஷம் கழித்து இன்றைக்கும் தெரியாது. குள்ளம், கறுப்பு, கதர். 1933இல் ஹவுரா ஸ்டேஷனில் இந்த மூன்று அடையாளத்துக்கும் எத்தனை ஆயிரம் பேர் பொருந்தியிருப்பார்கள்! பெயர் கிடைக்கவில்லை, ஊர் கிடைக்கவில்லை. ஊசியும் கிடைக்கவில்லை. அவனுக்கு எவ்வளவு கொடுத்தார்கள், குழாயில் என்ன இருக்கிறது என்று சொல்லித்தான் அனுப்பினார்களா, திரும்பிப் போகும்போது தன் விரலில் பட்டுவிடுமோ என்று பயந்தானா... ஒன்றும் தெரியாது.

இந்த வழக்கைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என்னை உலுக்குவது இதுதான். கையால் குத்தியவன் கிடைக்காமலேயே, குத்தச் சொன்னவர்கள் மாட்டினார்கள். எப்படி?

காகிதம்தான். கிருமி கேட்டு அனுப்பிய தந்தி. முடியாது என்று வந்த பதில். ஆஸ்பத்திரியில் வேலை செய்ய வாங்கிய அனுமதி. எலி வாங்கிய கணக்கு. பம்பாயில் இரண்டு பேரும் சேர்ந்து தங்கியது. இன்ஷூரன்ஸ் முயற்சி. ராணியம்மாள் அனுப்பாத தந்தி. ஒரு போலீஸ்காரர் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் அலைந்து இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கோர்த்தார். கொலைக் கருவி கண்ணுக்கே தெரியாதது. ஆனால் அதை வாங்குவதற்கு நாலு இடத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அங்கேதான் சிக்கினார்கள்.

கத்திக் குத்தில் குத்தும் சாவும் ஒரே இடத்தில் நடக்கும். கிருமியில் அப்படி இல்லை. குத்துக்கும் காய்ச்சலுக்கும் நடுவில் இரண்டு மூன்று நாள் இடைவெளி. அதற்குள் குத்தியவன் எந்த ரயிலில் எங்கே போனானோ. காய்ச்சல் வந்த பிறகும் அது நோயா, கொலையா என்பதே முதலில் புரியாது.

சாலட்டில் வந்த வயிற்றுப்போக்கு

புரியாமல் போனதற்கு உதாரணம் வேண்டுமா? 1984 செப்டம்பர், அமெரிக்காவில் ஓரிகன் மாநிலம், தி டால்ஸ் என்கிற சின்ன ஊர். பத்து ஓட்டல்களில் சாப்பிட்ட 751 பேருக்கு வயிற்றுப்போக்கு, வாந்தி. சால்மோனெல்லா. ஆராய்ந்த சுகாதார அதிகாரிகள் முதலில் சொன்ன காரணம், ஓட்டல் வேலைக்காரர்கள் கை சுத்தமாக இல்லை என்பதுதான். யாராவது வேண்டுமென்றே சாலட்டில் கலப்பார்களா என்ன!

கலந்திருந்தார்கள். பக்கத்தில் கம்யூன் அமைத்திருந்த நம்மூர் ரஜனீஷின் ஆட்கள். உள்ளூர்த் தேர்தலில் மற்றவர்களை ஓட்டுப் போட வரவிடாமல் படுக்க வைக்கத் திட்டம். ஒரு வருஷம் கழித்து அவர்களுக்குள் சண்டை வந்து, ரஜனீஷே தன் செயலாளர் ஷீலாவைப் பத்திரிகைக்காரர்கள் முன்னால் குற்றம் சாட்டிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கம்யூன் ஆய்வகத்தைச் சோதனை போட்டபோது அதே ரகக் கிருமி கிடைத்தது. அதைக் காசு கொடுத்து மருத்துவப் பொருள் விற்கிற கம்பெனியில் முறைப்படிதான் வாங்கியிருந்தார்கள்.

நடுவில் போன அந்த ஒரு வருஷத்தில், கை கழுவாதவர்கள் என்று பெயர் வாங்கிய ஓட்டல் வேலைக்காரர்களைப் பற்றி யோசித்துப் பாருங்கள்.

2001: ஏழு வருஷம் தேடியும்...

அடுத்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிற ஆந்த்ராக்ஸ் கடிதங்கள். நம்மூரில் மாட்டுக்காரர்கள் அடைப்பான் என்று சொல்கிற அதே நோயின் கிருமி. 2001 செப்டம்பர் 18, அக்டோபர் 9 தேதி முத்திரைகளோடு பத்திரிகை அலுவலகங்களுக்கும் இரண்டு செனட்டர்களுக்கும் போன கடிதங்கள். 22 பேருக்கு நோய், 5 பேர் சாவு. இறந்தவர்களில் ஒருவர் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்த 94 வயதுப் பாட்டி. அந்த அக்டோபரில் நம்மூர்த் தபால் ஆபீஸ்களில்கூட வெள்ளையாக எதையாவது பார்த்தால் ஓடினோம். விபூதிப் பொட்டலம் அனுப்பக்கூட யோசித்த காலம் :-)

எஃப்.பி.ஐ. முதலில் பிடித்துக்கொண்டது ஸ்டீவன் ஹாட்ஃபில் என்கிற விஞ்ஞானியை. வழக்குப் போடவில்லை. ஆனால் 2002இல் அட்டர்னி ஜெனரலே அவரைக் கவனிக்கப்படுகிற நபர் என்று வெளிப்படையாகச் சொன்னார். அப்புறம் என்ன, போகிற இடமெல்லாம் கேமரா, வேலை போச்சு. 2008இல் அவர் சம்பந்தமே இல்லாதவர் என்று ஒத்துக்கொண்டு, 58 லட்சம் டாலர் அளவுக்கு நஷ்டஈடு கொடுத்து அரசு சமரசம் செய்தது.

அடுத்து ப்ரூஸ் ஐவின்ஸ். ராணுவத்தின் ஃபோர்ட் டெட்ரிக் ஆய்வகத்தில் ஆந்த்ராக்ஸ் தடுப்பூசி ஆராய்ச்சி செய்தவர். அவர் பொறுப்பிலிருந்த ஒரு குடுவைக் கிருமிதான் கடிதங்களில் இருந்ததற்குத் தாய் என்றது எஃப்.பி.ஐ. வழக்குப் பதிவதற்கு முன்பே, 2008 ஜூலை 29இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். 2010 பிப்ரவரியில், அவர் ஒருவரே செய்தது என்று சொல்லிக் கோப்பை மூடினார்கள். மறு வருஷம், 2011இல், அமெரிக்க தேசிய அறிவியல் அகாதமியின் குழு சொன்னது என்ன? அறிவியல் ஆதாரத்தை மட்டும் வைத்து, கிருமி எங்கிருந்து வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. அந்தக் குடுவையை எட்டக்கூடியவர்களோ நூற்றுக்கும் மேல். அத்தனை பேரையும் விலக்கிவிட்டுத்தான் ஐவின்ஸுக்கு வந்தோம் என்றது எஃப்.பி.ஐ. செத்தவரால் பதில் சொல்ல முடியாது. கோர்ட்டில் சோதித்துப் பார்க்காத குற்றச்சாட்டு அப்படியே நிற்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. அந்தக் கிருமி ரகத்துக்கு ஏம்ஸ் என்று பெயர். ஏம்ஸ் என்பது அயோவா மாநிலத்தில் ஒரு ஊர். ஆனால் கிருமி எடுத்தது 1981இல் டெக்சஸில் செத்த ஒரு மாட்டிலிருந்து! அனுப்பிய பெட்டியின் மேல் ஏம்ஸ் முகவரி ஒட்டியிருந்ததைப் பார்த்து, அதுதான் ஊர் என்று எழுதி வைத்துவிட்டார்கள். பிறந்த ஊரைக்கூடத் தப்பாக எழுதிய பதிவேடு.

பாக்குர் வழக்கில் எந்தக் காகிதம் வழக்கைக் கரை சேர்த்ததோ, இங்கே அதே காகிதம் காலை வாரியது. 1932இல் தாராநாத் கிருமிக்காக ஊர் ஊராகக் கெஞ்ச வேண்டியிருந்தது. கெஞ்சின இடமெல்லாம் தடம். எடுத்தவர் 2001இல் ஆய்வகத்துக்கு உள்ளேயே இருந்தவராக இருந்தால் கெஞ்ச வேண்டியதே இல்லை. தடமும் இல்லை.

நம் நாட்டிலும் 1994 செப்டம்பரில் சூரத்தில் பிளேக் வந்தபோது, இது யாரோ பரப்பியது என்று பேச்சு ஓடியது. ஐம்பத்துச் சொச்சம் பேர் இறந்தார்கள், லட்சக்கணக்கில் ஊரை விட்டு ஓடினார்கள். வந்தது பிளேக்தான் என்பது பின்னால் மரபணு ஆய்விலும் உறுதியானது. யாரோ பரப்பியது என்பது மட்டும் இதுவரை நிரூபணம் ஆகவில்லை. ஆனால் அந்த 'யாரோ' இன்னும் சாகவில்லை. அவ்வப்போது எழுந்து வருகிறார்.

பன்னிரண்டில் ஒன்று

இப்போது, ஏன் இந்த 'யாரோ' எனக்குப் பிரச்சினை என்று சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா ஒரு அரசு ஆய்வகத்தில் அட்டெண்டர். எந்த ஊர், எந்த ஆய்வகம் என்று எழுதப் போவதில்லை. குழாய்களைக் கழுவுவது, ஆட்டோகிளேவில் வேக வைப்பது, சாயங்காலம் குளிர்பெட்டியில் கல்ச்சர் குழாய்களை எண்ணிப் பதிவேட்டில் எழுதி அதிகாரியிடம் கையெழுத்து வாங்குவது, இதுதான் வேலை. ஒருநாள் பதிவேட்டில் பன்னிரண்டு, குளிர்பெட்டியில் பதினொன்று.

தேடினார்கள். கிடைக்கவில்லை. பயங்கரமான கிருமி ஒன்றும் இல்லை, மாணவர்களுக்குக் காட்டுவதற்கு வைத்திருந்தது என்று அப்பா சொல்வார். யாரும் அவரைத் திட்டவில்லை, மெமோ கொடுக்கவில்லை. எழுத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு மாதம் கழித்து ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். ரிட்டயர் ஆகிற வரைக்கும் ஸ்டோர்தான். அந்தக் குளிர்பெட்டி அறைக்குள் அதற்கப்புறம் அவரை யாரும் கூப்பிடவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் மத்தியானம் சாப்பிடும்போது கொஞ்சம் தள்ளி உட்கார ஆரம்பித்தார்கள்.

"எழுதிக் குடுத்திருந்தா நான் பதில் எழுதியிருப்பேன்டா. ஒண்ணுமே எழுதலையே, எதுக்குப் பதில் சொல்றது?" என்பார்.

யாராவது கை தவறி உடைத்து, பயந்துபோய் குப்பையில் போட்டிருக்கலாம். முதலிலேயே பன்னிரண்டு என்று தப்பாக எழுதியிருக்கலாம். யாராவது எடுத்தும் இருக்கலாம். என்ன என்று எங்களுக்குத் தெரியவே இல்லை. அப்பா கடைசி வரை எதையும் மூன்று தடவை எண்ணுவார். பால் பாக்கெட், பஸ் சில்லறை, கல்யாணப் பத்திரிகை. நாங்கள் சிரிப்போம். இப்போது சிரிக்க முடியவில்லை.

கொரோனாவுக்கு வருகிறேன். அந்தக் கிருமியின் மூலம் இன்னும் முடிவாகவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2025 ஜூனில் கொடுத்த அறிக்கை, மிருகத்திலிருந்து மனிதனுக்குத் தாவியது என்பதற்கே ஆதாரம் கூடுதல் என்றது. ஆய்வகக் கசிவைத் தள்ளிவிடவும் முடியாது, சீனா கேட்ட தகவல்களைத் தரவில்லை என்றும் சொன்னது. ஆயுதமாகத் தயாரித்தது இல்லை என்பதில் மட்டும் அமெரிக்க உளவு அமைப்புகளே 2021இல் ஒத்துப்போயின. ஆக, பதிவேட்டைக் காட்டு என்று கேட்பது நியாயமான கேள்வி. மாமல்லபுரத்துக்கு வந்துவிட்டுப் போனவர்தான் பரப்பினார் என்பது கேள்வியே இல்லை. காலியாக இருக்கிற நாற்காலியில் நமக்குப் பிடிக்காத ஒருவரை உட்கார வைக்கிற வேலை.

இதையெல்லாம் அண்ணனிடம் அன்றைக்குச் சொன்னேன், அப்பா கதை உட்பட. ரொம்ப நேரம் பேசாமல் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அர்ச்சுனன் தபசு இருக்கிற பக்கம் கையைக் காட்டினார்.

"அந்தப் பாறைய அர்ச்சுனன் தபசுங்கறான் ஒருத்தன், கங்கை எறங்கி வர்றதுங்கறான் ஒருத்தன். செஞ்சவன் பேரு யாருக்குத் தெரியும்? கைடு பசங்க டூரிஸ்ட்டுக்கு ஒரு பேரச் சொல்லிடுவானுங்க. நாங்க சொல்றதில்ல தம்பி. உளி பட்ட தடத்த வச்சு எப்படிச் செஞ்சான்னு சொல்லுவோம். யாருன்னு கேட்டா, தெரியாதும்போம்."

ராஜாக்கள் விஷயத்திலேயே சண்டை இருக்கிறது. மாமல்லன் காலத்தில் தொடங்கியவை பல என்பது பரவலான கருத்து. 1962இல் இரா. நாகசாமி, இங்கே இருப்பது எல்லாமே ராஜசிம்மன் செய்தது என்று எழுதினார். இன்றும் விவாதம் ஓய்ந்தபாடில்லை. ஆயிரத்து முந்நூறு வருஷமாகக் கடல் பார்த்து நிற்கிற கல்லுக்கே இந்தக் கதி என்றால், ஹவுரா பிளாட்பாரத்தில் ஒரு நொடி உரசிவிட்டுப் போனவனை எங்கே தேட?

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். திருக்கழுக்குன்றத்தில் ஏறின ஒருவர் என்னை இடித்துக்கொண்டு உள்ளே போனார். குள்ளமாக, கறுப்பாக, வெள்ளைச் சட்டை. ஒரு நொடி கையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். அப்புறம் எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் பாவம், சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தார்.

டிஸ்கி: பாக்குர் வழக்கைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அந்தக் காலப் பேப்பரில் படித்ததாகச் சொல்லியிருந்தால் எழுதுங்கள். கதர்க்காரன் யாரென்று எனக்குத் தெரியும் என்று மட்டும் தயவுசெய்து ஆரம்பிக்க வேண்டாம் :-)